புதன்கிழமை இங்கிலீஷ்

விலேம்: மறுபடியும் முதல்லருந்து. "எப்படி இருக்கிறீர்கள், லிபுஷே?"

லிபுஷே: "நன்றாக இல்லை. இடது முழங்கால் இரவெல்லாம் வலித்தது. குளியலறைக் கூரை ஒழுகுகிறது. சரிசெய்ய வந்தவன் பாதியில்…"

விலேம்: போதும், போதும்…

லிபுஷே: ஏன், இங்கிலீஷ் தப்பா?

விலேம்: இங்கிலீஷ் சரிதான் இன்ஜினியர் அம்மா. பதில்தான் தப்பு. அவங்க சும்மா கேக்கறாங்க.

லிபுஷே: சும்மா எதுக்குக் கேக்கணும்? பதில் வேண்டாம்னா கேக்காம இருக்க வேண்டியதுதானே. என்ன மனுஷங்க.

விலேம்: ஸ்காட்லாந்து மனுஷங்க. கோட்டு தைக்கிறவங்க. நம்ம பட்டனை வாங்கறவங்க. ஒரு மணிக்குப் போன் பண்ணப் போறவங்க.

லிபுஷே: ஞாபகப்படுத்தாதீங்க. சூப்பு இறங்கவே மாட்டேங்குது.

விலேம்: "நலமாக இருக்கிறேன், நன்றி. நீங்கள்?" அவ்வளவுதான். ஒழுகற கூரைய வெளிய எடுக்கக்கூடாது.

லிபுஷே: "நலமாக இருக்கிறேன், நன்றி." பொய் சொல்லி வியாபாரத்தை ஆரம்பிக்கணும்… சரி, அடுத்தது?

விலேம்: மழை. ரெண்டு வார்த்தை மழையப் பத்திப் பேசணும்.

லிபுஷே: இங்க மழையில்லையே.

விலேம்: அங்க இருக்கும். எப்பவும் இருக்குமாம்… அதாவது, நான் அங்க இருந்தப்ப எப்பவும் இருந்துச்சு.

லிபுஷே: லிவர்பூல்ல.

விலேம்: லிவர்பூல்லதான்.

லிபுஷே: எத்தனை வருஷம் லாரி ஓட்டினீங்க அங்க?

விலேம்: சூப்பு ஆறுது, குடிங்க. இப்ப நான் ஃபியோனா. "வணக்கம் லிபுஷே, நான் ஃபியோனா பேசுகிறேன்."

லிபுஷே: குரலைக் கொஞ்சம் மெல்லிசாக்குங்க. கிடங்குல ஆளை விரட்டற மாதிரியே இருக்கு.

விலேம்: "நான் ஃபியோனா."

லிபுஷே: இப்ப ஜலதோஷம் பிடிச்ச ஃபியோனா. சரி… "வணக்கம், திருமதி மெக்ரே."

விலேம்: பேர். பேர் சொல்லுங்க.

லிபுஷே: வாய் வரலையே. முன்னப்பின்ன பாக்காத பொம்பளைய எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடறது? உங்களையே இத்தனை வருஷமா பெலிகான் சார்னுதான் கூப்பிடறேன்.

விலேம்: அது வேற.

லிபுஷே: என்ன வேற? நீங்க மட்டும்? இன்ஜினியர் அம்மா, இன்ஜினியர் அம்மான்னு.

விலேம்: நான் எப்படி நீ, வா, போன்னு பேசறது? நம்ம வழக்கப்படி பொம்பளைதானே முதல்ல 'நீன்னே கூப்பிடு'ன்னு வாயைத் திறந்து சொல்லணும்.

லிபுஷே: சொன்னா ஆளுக்கொரு கிளாஸ் ஒயின் ஊத்தணும், கை குலுக்கணும். அப்புறம் கணக்குப் பிரிவுல ஒரு மாசத்துக்கு அதே பேச்சா இருக்கும்.

விலேம்: இருக்கும்தான்… இருக்கட்டும், பாடத்துக்கு வாங்க. "லிபுஷே, உங்கள் விலை எங்களுக்குக் கொஞ்சம் அதிகம். ஏழு சதவீதம் குறைக்க முடியுமா?"

லிபுஷே: "முடியாது."

விலேம்: போச்சு. போனை வெச்சுட்டாங்க.

லிபுஷே: முடியாதுன்னா வேற என்னன்னு சொல்றது?

விலேம்: "அது மிகவும் சுவாரசியமான யோசனை."

லிபுஷே: அதுல என்ன சுவாரசியம் இருக்கு?

விலேம்: ஒண்ணுமில்ல. முடியாதுன்னுதான் அர்த்தம். அவங்களுக்குப் புரிஞ்சிடும்.

லிபுஷே: எங்கப்பா இதைக் கேட்டிருந்தா என்னைத் தத்து குடுத்திருப்பாரு. "அது மிகவும் சுவாரசியமான யோசனை, ஃபியோனா."

விலேம்: பாத்தீங்களா, ஃபியோனா வந்துடுச்சு. இன்னொண்ணு… ஆமான்னு சொல்ல "நோ, நோ"ன்னு தலையாட்டறீங்க. அது நம்ம செக் பாஷையில ஆமா. அவங்களுக்கு அது இல்லைங்கறது. போன்ல தலை வேற தெரியாது.

லிபுஷே: நோ, நோ… சரி, சரி. பெலிகான் சார், மணி ஒண்ணாகப்போகுது.

விலேம்: அந்தக் கசகசா பன்னைப் பிச்சு வாயில போடுங்க. முதலாளி திருப்பி ஏதாவது சொன்னாரா?

லிபுஷே: காலையில சொன்னதுதான். இந்த ஆர்டரை நானே பேசி முடிச்சா விற்பனை மேஜை இங்கயே இருக்கும். இல்லேன்னா ப்ராக் ஆபீசுக்குப் போயிடும். அங்க இங்கிலீஷ் பேசற பொண்ணு தயாரா இருக்காளாம். நான் பேக்கிங்ல போய் அட்டைப்பெட்டி ஒட்டணும்.

விலேம்: பேக்கிங் என் கிடங்குக்குப் பக்கத்துலதான்…

லிபுஷே: என்ன சொன்னீங்க?

விலேம்: ஒண்ணுமில்ல. மேஜை எங்கயும் போகாதுன்னு சொன்னேன்.

லிபுஷே: போன் அடிக்குது.

விலேம்: எடுங்க.

லிபுஷே: நீங்க போயிடாதீங்க.

விலேம்: இங்கயேதான் இருக்கேன். ஸ்பீக்கர்ல போடுங்க. எடுங்கம்மா.

லிபுஷே: "வணக்கம். லிபுஷே கட்லெட்சோவா பேசுகிறேன்."

ஃபியோனா: "லிபுஷே, நான் ஃபியோனா. எப்படி இருக்கிறீர்கள்?"

லிபுஷே: "நலமாக இருக்கிறேன், நன்றி… ஃபியோனா. அங்கே மழையா?"

ஃபியோனா: "அதை ஏன் கேட்கிறீர்கள், என் நாய்கூட வெளியே வர மறுக்கிறது. லிபுஷே, நேராக விஷயத்துக்கு வருகிறேன். துறைமுகத்தில் வேலைநிறுத்தம் வரும்போல் இருக்கிறது. கப்பலை நம்பினால் குளிர்காலக் கோட்டுகள் பட்டன் இல்லாமல் தொங்கும். பாதிச் சரக்கையாவது இந்த மாதத்துக்குள் சாலை வழியே அனுப்ப முடியுமா, மீதி பிறகு வந்தால் போதும், அப்படியே விலையிலும் ஏழு சதவீதம் பார்த்துச் செய்தால் என் இயக்குநர்களிடம் நான் தலைநிமிர்ந்து பேசுவேன்."

லிபுஷே: "பாதிச் சரக்கு லாரியில் வரும். கொம்புப் பட்டன்களை முதலில் அனுப்புகிறோம், கோட்டுக்கு அவைதானே அவசரம்? லாரிக்கு ஆகும் கூடுதல் செலவு உங்களுடையது. ஏழு சதவீதம்… அது மிகவும் சுவாரசியமான யோசனை, ஃபியோனா."

ஃபியோனா: "கடவுளே. எங்கள் வித்தையை உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது?"

லிபுஷே: "விலேம். எங்கள் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர். ஒவ்வொரு புதன்கிழமையும் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு என்னோடு உட்காருவார்."

ஃபியோனா: "விலேமிடம் சொல்லுங்கள், அவரால் எனக்கு ஏழு சதவீதம் நஷ்டம். சரி, பழைய விலையே. ஆர்டர் இன்று மாலைக்குள் வந்துவிடும். லாரிச் செலவும் என் தலையில்."

லிபுஷே: "நன்றி, ஃபியோனா. உங்கள் நாயைக் கேட்டதாகச் சொல்லுங்கள்."

விலேம்: வெச்சாச்சா?

லிபுஷே: வெச்சாச்சு. மூச்சு விடுங்க.

விலேம்: மேஜை இங்கயேதான்.

லிபுஷே: இங்கயேதான். முதலாளி சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலிய நகத்தற சத்தம் கேக்குதா? கேட்டுட்டுதான் இருந்திருக்காரு.

விலேம்: என் பேரைச் சொன்னீங்க.

லிபுஷே: இங்கிலீஷ்ல தானே சொன்னேன். இங்கிலீஷ்ல சொல்லலாம்.

விலேம்: இல்ல… நடுவுல அந்தம்மா ஒரே மூச்சுல கொட்டினாங்களே, எனக்கு அதுல 'துறைமுகம்' மட்டும்தான் காதுல விழுந்துச்சு. நீங்க பொரிஞ்சு தள்ளிட்டீங்க.

லிபுஷே: லிவர்பூல் துறைமுகத்துல லாரி ஓட்டினவருக்கா புரியல?

விலேம்: லாரி ஓட்டினது நெஜம்.

லிபுஷே: லிவர்பூல்?

விலேம்: டிரெஸ்டன் வரைக்கும். ஜெர்மனியைத் தாண்டினதில்ல.

லிபுஷே: ஓஹோ.

விலேம்: ப்ராக் ஆபீஸ்காரங்க வந்து விற்பனைக்கு இங்கிலீஷ் வேணும்னு சொல்லிட்டுப் போன அன்னிக்கு வாசல்ல கோட்டுகூட போடாம பனியில நின்னீங்க. கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு. "இங்கிலீஷ்தானே, எனக்குத் தெரியும், நான் சொல்லித்தரேன்"னு வாயில வந்துடுச்சு. சொன்னதுக்கப்புறம்தான், ஐயையோ கத்துக்கணுமேன்னு…

லிபுஷே: அதனால செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஸ் பிடிச்சு ஜிஹ்லவா போய்க் கத்துக்கறது, புதன்கிழமை மத்தியானம் அதை எனக்குச் சொல்லித்தர்றது.

விலேம்: ஆமா, ஒரு பாடம் முன்னாடி இருந்தாப் போதும்னு… இருங்க. செவ்வாய்க்கிழமைன்னு நான் சொல்லவேயில்லையே.

லிபுஷே: டீச்சர் யர்மிலா சொன்னாங்க. செவ்வாய் வகுப்புல பட்டன் ஃபேக்டரிக்காரர் ஒருத்தர் வர்றாராம். "இதை நாளைக்கு ஒரு அம்மாவுக்குச் சொல்லித்தரணும், இன்னொரு தடவை மெதுவா சொல்லுங்க"ன்னு கெஞ்சுவாராம்.

விலேம்: உங்களுக்கு எப்படி அந்த டீச்சரை…

லிபுஷே: குளிர்காலத்துலருந்து திங்கக்கிழமை வகுப்பு எனக்கு.

விலேம்: திங்கக்கிழமையா? அப்ப நான் சொல்லித்தந்ததெல்லாம் ரெண்டு நாள் முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா? சுவாரசியமான யோசனை உட்பட? தெரிஞ்சுக்கிட்டே ஒண்ணும் தெரியாத மாதிரி வாராவாரம் எதுக்கு உக்காந்திருந்தீங்க, இன்ஜினியர் அம்மா?

லிபுஷே: எதுக்குன்னு என்னையே கேக்கறியா? திங்கக்கிழமை வகுப்பை முந்தாநாளோட விட்டுட்டேன், டீச்சர்கிட்ட சொல்லி செவ்வாய்க்கு மாத்திக்கிட்டேன். பஸ்ஸுல பக்கத்துல ஒரு இடம் போட்டு வை, விலேம்.