செப்டம்பரில் ஒரு கம்பளிக் கோட்டு

— கம்பளிக் கோட்டா? இந்த வேக்காட்டுலயா?

— ஆமாண்டா காஸ்மஸ். அந்த விருந்தாளியோட அறையைப் பெருக்கப் போனேன். கதவுக்குப் பின்னாடி ஆணியில தொங்குது. சாம்பல் நிறம், பெரிய பெரிய பொத்தான், கழுத்துப்பட்டையில கறுப்புத் துணி. பார்த்ததும் துடைப்பம் கையை விட்டு விழுந்துடுச்சு.

— அதான் பாரேன்! இருபது வருஷமா விடுதி நடத்துற எங்க யூடீன் அக்கா, ஒரு கோட்டைப் பார்த்துப் பயந்துட்டா.

— நான் சொல்றதை முழுசாக் கேளு. அப்பா அதே கோட்டுலதான் வந்தார்.

— எப்ப வந்தார்?

— கனவுலடா! போன மாசம் பதினொண்ணாந்தேதி. எத்தனை தடவை சொல்றது உனக்கு? காலையில எழுந்ததும் நாட்காட்டியில வட்டம் போட்டு வச்சேன், போய்ப் பாரு. அப்பா வாசல்ல வந்து நிக்கிறார். கடலோட போன மனுஷன், மேல ஒரு சொட்டு ஈரம் இல்ல. கோட்டை இழுத்துப் போத்திக்கிட்டு, பல்லு கிடுகிடுன்னு ஆட, “யூடீன், கூகூ இருக்கா?”ன்னார்.

— கூகூவா?

— சோளமாவு கிளறின கூகூதாண்டா. ஏதோ காலையில வெளிய போயிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்த மாதிரி கேக்கறார். முப்பத்தேழு வருஷம் கழிச்சு.

— சரி, அந்தக் கோட்டுக்கார ஆளுகிட்ட ஏதாவது கேட்டியா?

— என்னத்தைக் கேக்கறது? உன் கோட்டு என் கனவுக்குள்ள எப்படிய்யா வந்துச்சுன்னா?

— நான் கேக்கறேன். என் கேள்வி வேற. அவன் வந்து நாலு நாள் ஆச்சு. கடல்ல கால் நனைச்சானா? இல்ல. கடல் தெரியற அறையைக் கொடுத்தே. வேண்டாம், இடுகாட்டுப் பக்கத்து அறை போதும்னான். நேத்து பாரேன், தண்ணித்தொட்டியிலிருந்து புளியமரம் வரைக்கும் அடி வச்சு எண்ணிக்கிட்டே போறான். வாய் அசையுது. திரும்பி வந்து மறுபடியும் எண்ணறான்.

— நடந்து பார்த்திருப்பான்.

— அக்கா, எல்லாரும் படகை இழுத்துக் கரையேத்தி, ஜன்னலுக்குப் பலகை அடிச்சுட்டு, புயல் எந்தப் பக்கம் திரும்பும்னு ரேடியோவைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கற மாசம் இது. இந்தக் கரியாக்கூத் தீவுக்கு செப்டம்பர்ல எவன் வருவான்?

— எவன் வருவான், நீயே சொல்லு.

— நிலம் அளக்கறவன் வருவான். பக்கத்துல எனோ வீட்டுக்காரங்களுக்குப் போன செப்டம்பர்ல என்ன நடந்துச்சு? விருந்தாளி மாதிரி ஒருத்தன் வந்தான், பத்து நாள் தங்கினான், பல்லைக் காட்டிச் சிரிச்சான். புரூக்ளின்ல இருக்கற அவங்க ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தன் நிலத்தை வித்துக் கையெழுத்துப் போட்டிருக்கான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. இப்ப அவங்க மரவள்ளி போட்ட இடத்துல நீச்சல்குளம் தோண்டுறான். நம்ம நிலமும் அதே மாதிரிதான். பங்கு பிரிக்கல, இன்னும் அப்பா பேர்லதான் கிடக்கு.

— நமக்குப் புரூக்ளின்ல யாருடா இருக்கா?

— யாரும் இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்? அவன் முகத்தைப் பார்த்தியா? நம்ம ஆளு மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. பேச்சு மட்டும் அப்படியே இங்கிலாந்து.

— முகத்தை நானும் பார்த்தேன். அதான் எனக்கு ஒண்ணும் விளங்கல.

— விளங்கறதுக்கு ஒண்ணும் இல்ல. மூணு மணிப் படகுல ஏத்தி விடு. நான் படகுக்காரன்கிட்ட ஒரு இடம் பிடிச்சு வைக்கச் சொல்லிட்டேன். இந்தப் படகை விட்டா அடுத்த புதன்கிழமைதான். சனிக்கிழமை அப்பாவுக்குக் கல்லறைக் கல்லு நட்டு ஊரைக் கூட்டிச் சோறு போடறப்ப, நிலம் அளக்கறவன் நடு வீட்டுல உக்காந்திருக்கணுமா?

— வந்தவனைப் புயல் வர்ற நேரத்துல துரத்தறதாடா? அப்பாவுக்குப் படையல் தட்டு வைக்கற வாரத்துல?

— அப்பாவுக்கு, அப்பாவுக்கு! அம்மா இருந்தவரைக்கும் அந்தக் கல்லை வெட்டக்கூட விடல. நினைவிருக்கா?

— நினைவில்லாம என்ன. “செத்தவன்னா கனவுல வந்து சோறு கேப்பான். எங்க அம்மா கேட்டா, எங்க மாமன் கேட்டான். இவன் ஒரு நாள் கேட்டானா? கேக்கல. அப்ப சாகல.” அதையேதான் சொல்லும்.

— படகு மட்டும் ஆளில்லாம கரை ஒதுங்கிக் கிடந்துச்சு, திரினிடாட் போறேன்னு போன மனுஷன் திரும்பல. அம்மா மட்டும் கறுப்பு உடுத்த மாட்டேன்னு உக்காந்துச்சு. ஊரே சிரிச்சுது அக்கா. கடைக்கார மெல்வில் ரெண்டு தடவை கட்டிக்கறேன்னு வந்தான். “எனக்குப் புருஷன் இருக்கான்”னு சொல்லி அனுப்பிச்சு.

— பாவம். இன்னும் மூணு வருஷம் இருந்திருந்தா, கேட்டுட்டாரும்மான்னு சொல்லியிருப்பேன்.

— ஷ்ஷ். அவன் வர்றான். கையில மறுபடியும் அந்த டப்பா, பாரேன். அளக்கற கயிறு அதுலதான் இருக்கு. நான் பந்தயம் கட்டறேன்.

— நீ வாயை மூடு. நான் பேசறேன்.

— மன்னிக்கணும் மேடம். உள்ள வரலாமா?

— வாங்க டேரன், உக்காருங்க. இது என் தம்பி காஸ்மஸ்.

— பார்த்திருக்கேன். நேத்து புளியமரத்துக்குப் பின்னாடி நின்னு என்னைப் பார்த்துக்கிட்டிருந்தார்.

— நானா? நான் ஆட்டைக் கட்டிக்கிட்டிருந்தேன்.

— மன்னிக்கணும், அங்க ஆடு இல்லையே.

— அவுத்துக்கிட்டுப் போயிடுச்சு. ஆட்டை விடுங்க. நீங்க என்னத்தை எண்ணினீங்க?

— அடி. நாப்பத்திரெண்டு அடின்னு சொன்னாங்க. எனக்கு நாப்பத்தேழு வருது. என் கால் குட்டை போல.

— யார் சொன்னாங்க? எந்த ஆபீஸ்?

— ஆபீஸா? இல்ல சார். எங்க அப்பா.

— அதான் பாரேன்! உங்க அப்பாவும் நிலம் அளக்கறவரா?

— தச்சர். ஹடர்ஸ்ஃபீல்டுல கதவு, ஜன்னல் செஞ்சார். அளந்துக்கிட்டேதான் இருப்பார், அது உண்மைதான்.

— டேரன், நான் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அப்பா முன்னாடி எப்பவாவது இங்க வந்து தங்கியிருந்தாரா? என் விடுதிப் புத்தகத்துல ஹோல்ராய்டுங்கற பேரே இல்ல.

— அது எங்க அம்மா வழிப் பேர், மேடம். அவர் இங்க விருந்தாளியா வந்ததில்ல.

— சரி தம்பி, அப்ப எதுக்கு செப்டம்பர்? மழை, கொசு, புயல். ஒரு கடை திறந்திருக்கா? நல்ல மாசம் எத்தனை இருக்கு!

— அவர்தான் சொன்னார். “ஜனவரியில போகாதே, ஊர் பூரா வெளியாளா இருக்கும். செப்டம்பர்ல போ. அப்ப அங்க இருக்கவேண்டியவங்க மட்டும்தான் இருப்பாங்க”ன்னார்.

— எங்க ஊரைப் பத்தி அந்த வெள்ளைக்காரத் தச்சருக்கு என்ன தெரியும்?

— அவர் வெள்ளைக்காரர்னு நான் சொல்லலையே சார்.

— காஸ்மஸ், நீ கொஞ்சம் சும்மா இரு. டேரன், அந்தக் கோட்டு…

— அவரோடதுதான். குளிர் அவருக்கு ஆகவே ஆகாது. மே மாசத்துலகூடக் கழட்ட மாட்டார். அங்க யார்கிட்டயும் விட்டுட்டு வர மனசில்ல. அதான் கூட்டிக்கிட்டு வந்துட்டேன். மன்னிக்கணும், கொண்டு வந்துட்டேன்.

— அக்கா, எதுக்கு இப்படி வேர்க்குது உனக்கு? தண்ணி குடி.

— எனக்கு ஒண்ணும் இல்ல.

— தம்பி, நேரடியாவே கேக்கறேன். அந்த டப்பாவுல என்ன?

— பிஸ்கட் டப்பா சார்.

— பிஸ்கட்டா?

— டப்பா மட்டும்தான் பிஸ்கட்டோடது.

— பார்த்தியாக்கா, பார்த்தியா! மடியை விட்டு இறக்கவே மாட்டேங்கறான்.

— மேடம், நானும் ஒண்ணு கேக்கலாமா? வீட்டுக்கு அடியில, தூணுக்குப் பக்கத்துல ஒரு கல் குப்புறக் கிடக்கே. அது யாருக்கு?

— எங்க அப்பாவுக்கு. சனிக்கிழமை நடறோம். பறை அடிக்க ஆள் சொல்லியாச்சு, ஆடு சொல்லியாச்சு. அவர் கடல்ல போய் முப்பத்தேழு வருஷம் ஆச்சு.

— அப்ப கல்லுக்கு அடியில…

— ஒண்ணும் இல்ல. உடம்பு கிடைக்கல. அவர் படகு கட்டின மரச்சுத்தியல் இருக்கு, அதை வைக்கறோம். பிடியில அவர் கை பட்ட பள்ளம் இன்னும் அப்படியே இருக்கு.

— இடது கைப் பள்ளம்.

— ஆமா… உங்களுக்கு எப்படி…

— கல்லுல என்ன எழுதியிருக்கு, மேடம்?

— அதை என்னைக் கேளுங்க. நானே வெட்டினது, ஒரு எழுத்துப் பிசகல. “ஆன்சில் குவாஷி. படகு கட்டியவர். கடலில் மறைந்தது 1981 மார்ச் 3.”

— நல்லா இருக்கு சார். படகு கட்டியவர்னு போட்டிருக்கறது ரொம்ப நல்லா இருக்கு. சனிக்கிழமைக்குள்ள அதுல ஒரு வரியை மாத்த முடியுமா?

— மாத்தறதா? எங்க அப்பன் கல்லை மாத்த நீ யாருய்யா? அக்கா, நான் படகுக்காரனுக்குச் சொல்லி அனுப்பறேன். இவன் இப்பவே கிளம்பட்டும்!

— உக்காருடா. உக்காருன்னு சொல்றேன்ல. டேரன், எந்த வரியை?

— கடைசி வரியை. தேதி தப்பு.

— என்ன தேதி போடணும்?

— இந்த வருஷம் ஆகஸ்ட் பதினொண்ணு. கல்லுக்கு அடியில வைக்க அவரே இந்த டப்பாவுல வந்திருக்கார். கடைசி மூச்சு வரைக்கும் கூகூ வேணும், கூகூ வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தார், அக்கா. எனக்குச் செய்யத் தெரியல.