ஜெனிஷாவின் தடிப்புப் பதிவேடு

அருகம்புல் சாற்றை வடிகட்டிய கையோடு குடித்துவிட வேண்டும். சிறிது நேரம் நின்றாலும் நிறம் மாறிப் பச்சை வாடை கூடிவிடும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு, இன்ஸ்பெக்டர் அம்மா. என் மகள் ஜெனிஷாவுக்கு நான் எதையும் அலட்சியமாகக் கொடுத்தவன் அல்லன் என்பது உங்கள் குறிப்பில் இடம்பெற வேண்டும்.

என் பெயர் அமிர்தராஜ். முப்பத்து நான்கு ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு சிங்காநல்லூரில், குளத்துக்கு நடந்து போகும் தூரம். என் மனைவி இருதயம்மாள் இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானாள். அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள், ஜெனிஷாவின் முன்கையில் முதல் தடிப்பு தோன்றியது. ஒரு வாரத்தில் அது முதுகு, கழுத்து, தொடை என்று பரவியது. காலையில் மறையும், வங்கி வேலை முடிந்து வரும்போது மீண்டும் எழும். கையை நீட்டிக் காட்டிச் சிரிப்பாள்.

"பாருங்கப்பா, கோயமுத்தூர் ரோடு மேப்பாட்ட இருக்குது. உக்கடத்துக்கு எப்படிப் போறதுன்னு இதுலயே பாத்துக்கலாம்."

நாள்பட்ட காணாக்கடி என்றார் மருத்துவர். காரணம் ஒன்றும் தென்படவில்லை, மன அழுத்தத்தில் அதிகமாகிறது என்றார். அரிப்புக்கு மாத்திரை தந்தார். அதோடு மூச்சுப் பயிற்சியும் நடையும் உதவக்கூடும், எப்போது வருகிறது என்று குறித்து வையுங்கள் என்றார். குறித்து வைப்பது எனக்குத் தெரிந்த வேலை. நீல அட்டை போட்ட பதிவேடு ஒன்று வாங்கினேன். நாள், உணவு, தூக்கம், மனநிலை, தடிப்புகளின் எண்ணிக்கை என்று கட்டம் பிரித்தேன். கடைசிக் கட்டத்துக்கு அப்போது தலைப்பு இடவில்லை.

காலையில் இருவருக்கும் அருகம்புல் சாறு அரைப்பேன். மாலையில் ஈரத்துணியை அவள் கையில் சுற்றி, நான்கு எண்ணும்வரை மூச்சை இழு, ஆறு எண்ணும்வரை விடு என்று நான் எண்ணுவேன். "மூணாங்கிளாஸ் வாய்ப்பாடாட்டவே இருக்குதுங்கப்பா" என்பாள். பயிற்சி முடிந்ததும் ஒரு கதை சொல்வேன். வகுப்பில் நான் பலமுறை சொன்ன கதை. ஓர் எறும்பிடம் ஒரு வெல்லக்கட்டி இருந்தது. மழை வந்தால் கரைந்துவிடுமே என்று பயந்த எறும்பு, அதைப் பத்திரமாகத் தன் வாய்க்குள் வைத்துக்கொண்டது. பிள்ளைகள் எல்லோரும் சிரிப்பார்கள். ஏன் சிரித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எட்டு மாதங்களில் நோய் அடங்கியது. ஒரு வாரம் முழுவதும் எண்ணிக்கைக் கட்டத்தில் சுழியம் எழுதினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலிருந்து திரும்பும் வழியில் ஜெனிஷா சொன்னாள்: "எனக்குச் சரியாப் போச்சுங்கப்பா. உடுமலப்பேட்ட கிளைக்கு மாத்தல் கேக்கலாம்னு இருக்கறனுங்க. யுஸ்ராவும் அங்கதான் இருக்கறா, சேந்து ரூம் எடுத்துக்குவோம்."

யுஸ்ரா அவளுடைய கல்லூரித் தோழி. நல்லது கண்ணு என்றேன். வீட்டுக்கு வந்து பழக்கத்தில் இரண்டு டம்ளர்களை எடுத்து வைத்தேன். ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்துப் பார்க்க முயன்றேன். மறுபடி எடுத்து மற்றதன் பக்கத்திலேயே வைத்தேன். பயம் என்பதை அறுபத்தாறு வயதில்தான் அறிந்தேன்.

என் இதயத்துக்கென்று தினமும் ஓர் ஆஸ்பிரின் மாத்திரை உண்டு. முன்பு ஒருமுறை தலைவலி தாங்காமல் ஜெனிஷா அதில் இரண்டை விழுங்கியபோது, ஒரு மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்துப்போயிற்று. பதிவேட்டில் அதைக் குறித்தேன். அவளிடம் சொல்லவில்லை. கவலைப்பட்டால் தடிப்பு கூடும் அல்லவா.

மறுநாள் காலை என் மாத்திரையை நான் விழுங்கவில்லை. பொடித்துச் சாற்றில் கலந்தேன். என் உயிரைக் காக்க எழுதித் தந்ததைத்தான் அவளுக்குக் கொடுத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று மாலை தடிப்புகள் திரும்பின. அவள் அழுதாள், என் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். மாற்றல் விண்ணப்பத்தை அனுப்பவில்லை.

தினமும் கொடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். தேவைப்பட்டபோது மட்டும்தான். அவள் புதுப் பயணப் பெட்டி வாங்கி வந்த நாள். யுஸ்ராவிடம் நெடுநேரம் பேசிய நாள். பதிவேட்டிலிருந்து நான் படித்துச் சொல்ல, கத்தரிக்காயை நிறுத்தினோம், இறாலை நிறுத்தினோம், கோயில் பாடகர் குழுவுக்குப் போவதை நிறுத்தினோம். அவளும் ஒத்துழைத்தாள். பயந்தவர்கள் நன்றாக ஒத்துழைப்பார்கள். விழித்ததும் எழாமல் படுத்தபடியே விரலால் உதட்டைத் தடவிப் பார்ப்பாள். பிறகு என்னைக் கூப்பிடுவாள்.

"அப்பா, மொகம் வீங்கியிருக்குதுங்களா? நீங்க மொதல்ல பாத்துச் சொல்லுங்க. எனக்குக் கண்ணாடி பாக்கப் பயமா இருக்குது."

இப்படி ஓராண்டு போயிற்று. பிறகு வங்கியில் அவளை அன்னூருக்குப் பத்து நாள் வேலைக்கு அனுப்பினார்கள். அங்கேயே தங்கினாள். திரும்பி வந்தவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"அங்க ஒரு தடிப்புகூட வரலீங்கப்பா. ஊட்டுக்குள்ள கால் வெச்சாத்தான் வருது. எனக்கு இந்த ஊடே பயமா இருக்குதுங்க."

தலையணையை மாற்றினாள், சோப்பை மாற்றினாள், திரைச்சீலைகளைத் துவைத்தாள். சாற்றை மட்டும் சந்தேகிக்கவில்லை. அது மருந்து அல்லவா. ஆனால் மாற்றல் ஆணையை வாங்கிவிட்டாள்.

போன திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு யுஸ்ரா காரில் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. ஆறு மணிக்குச் சாறு தந்தேன். நான்கு மாத்திரைகள் கலந்திருந்தேன். முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள்.

"இதுக்காகவாச்சும் வாராவாரம் வந்துபோடறனுங்கப்பா. உங்களாட்ட யாரு அரைச்சுக் குடுப்பா?"

ஏழு மணி ஆகும்முன் உதடு வீங்கியது. அடுத்துக் குரல் மாறியது, பிறகு குரலே இல்லை. கையால் கைப்பேசியைக் காட்டினாள். பதற்றம் நோயைக் கூட்டும் என்பதால் அதை எடுத்து பீரோவின் மேல் வைத்தேன். அவள் எதிரே அமர்ந்து எண்ணத் தொடங்கினேன். நான்குவரை இழு. ஆறுவரை விடு. அவள் கழுத்தைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எண்ணிக்கை தவறவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு யுஸ்ரா உள்ளே வந்தாள்.

"ஏனுங்க சார், மூச்சு உட முடியாமக் கெடக்கறா, நீங்க எண்ணிட்டு உக்காந்திருக்கறீங்களா?"

அவள்தான் ஜெனிஷாவைத் தூக்கிப் போனாள். நானும் காரில் ஏறினேன். பதிவேட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டேன். கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று மருத்துவர் கேட்டதும் அதை அவர் கையில் கொடுத்தேன். முழுமையாக எழுதாத பதிவேட்டை நான் என்றும் தலைமையாசிரியர் மேசைக்கு அனுப்பியதில்லை. கடைசிக் கட்டத்தில், கொடுத்த நாட்களுக்கு நேரே சிவப்பு மையில் 'ஆஸ்பிரின்' என்று எழுதியிருந்தேன். திங்கட்கிழமைக்கு நேரே 'ஆஸ்பிரின், நான்கு' என்றிருக்கும். மூன்றாம் நாள் மருத்துவர் அதைப் படித்துவிட்டு உங்களை அழைத்திருக்கிறார்.

ஆம். அறுபத்தொரு நாள் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன். அது எதற்கு என்று தெரிந்தே கொடுத்தேன்.

ஒரு செய்தி மட்டும் விடுபடக் கூடாது. இன்று காலை நீங்கள் என்னை அழைத்து வந்தபோது தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவைக் கடந்து வந்தோம். தொண்டைக்குழாயை எடுத்திருந்தார்கள். ஜெனிஷா கண் திறந்து என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கழுத்திலிருந்து மணிக்கட்டுவரை தடிப்புகள் எழுந்தன. செவிலியர் ஓடிவந்து திரையை இழுத்து மூடினார். நீங்களும் பார்த்தீர்கள்.

மூன்று நாட்களாக என் கையால் அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆகவே எல்லாவற்றுக்கும் மாத்திரையே காரணம் என்பது பொருந்தாது. அந்த மருத்துவமனைதான் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இதைப் பதிவேட்டில் நீங்களே எழுதிவிடுங்கள். பேனாவை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். சீக்கிரம் அவளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள், அம்மா. மதிலோரத்தில் அருகம்புல் நன்றாக வளர்ந்திருக்கிறது.