சேவலை நிறுத்திய மூன்று மதியங்கள்

உங்கள் அலுவலக லிஃப்ட் கீழிருந்து இந்த மாடிக்கு வர முப்பத்தொரு விநாடி எடுக்கிறது. எங்கள் கட்டடத்தில் இருபத்திரண்டு. குறையாகச் சொல்லவில்லை சார், பழக்கதோஷம். சாப்பிடக் கூப்பிட்டால் நான் எழுந்து வர நாலு நிமிடம் ஆகிறது என்று என் மனைவி ஒருநாள் என் கடிகாரத்தை வைத்தே அளந்து காட்டினாள். நான் மறுக்கவில்லை. அளவு சரியாகத்தான் இருந்தது.

மென்பொருள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று சோதித்து, முடிவுகளைத் தேதிவாரியாக எழுதி வைப்பது என் வேலை. ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் பதினோரு வருடம். யாராவது அவசரம் என்று போன் செய்தால், பதிவுக் குரல் முகவரி கேட்கும். மென்பொருள் அதை டிரைவரின் திரைக்கு அனுப்பும். இரண்டு விநாடிக்குள் போனால் தேர்ச்சி. மூன்று வருடமாக என் வரைபடத்தில் கோடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மேலாளர் அதை அச்சடித்து, தன் பிள்ளைகளின் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்.

ஒரு சோதனையை ஒருமுறை நடத்துவதை ஓட்டம் என்போம். முதல் ஓட்டத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கால் மணி நேரம் வேலையில்லாமல் கிடந்தால் மென்பொருள் தூங்கிவிடும். தூங்குகிறவனை எழுப்பி வழி கேட்டால், பாவம், உடனே சொல்வானா? அதனால் முதல் ஓட்டத்தைத் தள்ளிவிட்டு, அடுத்ததிலிருந்து எழுதுவோம். இது நான் கொண்டுவந்த வழக்கம் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவரும் தள்ளினார், அவருக்கு முன்னால் இருந்தவரும் தள்ளினார்.

நிஜ லைனிலும் அது தூங்கும் என்று எனக்குத் தெரியும். எங்களுடையது சின்ன ஊர். மதியம் இரண்டிலிருந்து மூன்றரை வரை போன் வருவதே அபூர்வம். அதற்காக ஒரு சின்ன நிரல் எழுதி வைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பொய் அழைப்பு ஒன்றை அனுப்பி மென்பொருளைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும். சேவல் என்று பெயர். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கோளாறைச் சரிசெய்யச் சொல்வார்கள், சுவரில் இருந்த கோட்டுக்கும் விளக்கம் கேட்பார்கள்.

இந்த வருட ஆரம்பத்தில் டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு நாற்பது வயதுக்கு மேல் இந்தத் தொழிலுக்கு மாறியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். பக்கத்து மேசை. நான் தள்ளிய முதல் ஓட்டங்களை எல்லாம் அவர் ஒரு நோட்டில் எழுதி வந்திருக்கிறார்.

"சார், முதல் ஓட்டம் ஆறரை நிமிஷம் எடுக்குது. பார்த்தீங்களா?"

"அது சோதனை மெஷின்மா, பழசு. நிஜ லைன்ல ஒரு நிமிஷத்துக்கு மேல போகாது."

"அளந்தீங்களா?"

"மூணு வருஷமா ஒரு புகார்கூட வரலையே."

"அளந்தீங்களான்னுதான் சார் கேட்டேன்."

சுருக்கென்று இருந்தது. பதினோரு வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ஆள் நான் இல்லை. அளக்காமல் பேசியது என் தப்பு. அதனால் அளந்தேன்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்குச் சேவலை நிறுத்தினேன். டீச்சர் சாப்பிடப் போயிருந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கடிகாரத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு, யார் முதலில் கூப்பிடுகிறார்கள் என்று காத்திருந்தேன்.

நீங்களே ஒரு பொய் அழைப்பு விட்டு அளந்திருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. நான் கூப்பிட்டால் பதற மாட்டேன், திக்க மாட்டேன், கதவு எண்ணை மாற்றிச் சொல்ல மாட்டேன். பாடம் ஒப்பிப்பது மாதிரி இருக்கும். அதை டீச்சர் ஏற்க மாட்டார், நானும் ஏற்க மாட்டேன்.

அன்றைக்கு ஒரு தையல்காரருக்கு நெஞ்சுவலி. மகன் கூப்பிட்டான். ஆறு நிமிடம் பத்து விநாடி. அத்தோடு விட்டிருக்கலாமே என்பீர்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படியில் சரி. எங்கள் தொழிலில் மூன்று சோறாவது பார்க்க வேண்டும்.

இரண்டாம் நாள் ஒரு பெண்மணி, மூச்சுத்திணறல், தானே கூப்பிட்டார். ஆறு முப்பத்துநான்கு. கடைசி இரண்டு நிமிடம் லைனில் பேச்சு இல்லை.

மூன்றாம் நாள் ஒரு மருமகள். முகவரியைத் தெளிவாகச் சொன்னார். காத்திருக்கவும் என்று பதிவுக் குரல் சொல்லச் சொல்ல, அவர் மாமனாரிடம், "இதோ வந்துட்டாங்க மாமா, இதோ வந்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பதினேழு தடவை. அது சோதனையில் சேராது, இருந்தாலும் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

ஆம்புலன்ஸ் என் ஜன்னலுக்கு நேர் கீழேதான் நிற்கும். டிரைவர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலைத் திறந்து, "அண்ணே, கிளம்புங்க" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். என் கை கொக்கி வரைக்கும் போனது. எனக்கும் மனசு இருக்கிறது சார். ஆனால் ஓடுகிற சோதனையில் கை வைத்தால் அந்த ஓட்டம் செல்லாது. மறுபடி இன்னொரு மதியம், இன்னொரு ஆள் வேண்டியிருக்கும். அந்த நாலாவது ஆளை நான் காப்பாற்றினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆறு இருபத்திரண்டு.

மூன்று நாளும் அளந்து முடித்ததும் சேவலைத் திரும்ப ஓடவிட்டேன். ஒருநாளும் மறக்கவில்லை.

நான்காம் நாள் காலை டீச்சரிடம் போய், "நீங்க சொன்னதுதான் சரிம்மா" என்று தாளை நீட்டினேன். வழக்கப்படி முதலாவதைத் தள்ளி, மற்ற இரண்டின் சராசரி ஆறு நிமிடம் இருபத்தெட்டு விநாடி என்று எழுதியிருந்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் தேதிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நிஜ லைனா சார்?"

"ஆமாம்மா."

"அந்த ஆளுங்க என்ன ஆனாங்க?"

எனக்குத் தெரியாது. என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. அவர்தான் மருத்துவமனைக்குப் போன் போட்டுக் கேட்டார். அப்புறம் போலீசுக்கு, அதாவது உங்களுக்குப் போன் போட்டார். பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டு அழுதார். அவர் அழுதது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் ஜெயித்த நாள் அல்லவா அது?

நான் எதையும் மறைக்கவில்லை சார். சேவலை நிறுத்தியது நான். காத்திருந்தது நான். ஜன்னலைத் திறக்காததும் நான்தான். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன்.

இந்தத் தாளில் ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்ய வேண்டும். மூன்று பேர் சாவுக்கு நான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தையல்காரர் முதல் ஓட்டம். இரண்டு என்று மாற்றிவிடுங்கள்.