சதுப்பு நிலத்தில் என் மகன் போட்ட சத்தம்

அன்சீத்! என் செல்ல அன்சீத்! முப்பது வருடமாகப் பால்பண்ணையில் பசுக்களோடு மட்டுமே பேசிய உன் அம்மா, இன்றைக்கு மேடை ஏறி நிற்கிறேனடா.

தலைமை தாங்கும் கர்னல் விட்டோல்ஸ் அவர்களே, எஸ்தோனியாவிலிருந்து வந்து அமைதியாய் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, லித்துவேனியாவிலிருந்து பாடிக்கொண்டே வந்து இறங்கிய விருந்தினர்களே, பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு உருளைக்கிழங்கு உரிக்கும் என் லாத்வியத் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். நான் நாலு வகுப்பு படித்தவள். கையில் காகிதம் இல்லை. நெஞ்சில் இருப்பதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

நேட்டோ என்னும் பெரிய வீட்டின் கதவைத் தட்டப் போகிறோம் என்றார்கள். தனித்தனியே தட்டினால் யார் காதில் விழும்? மூன்று நாடும் சேர்ந்து தட்டுவோம் என்றார்கள். ஒரே படை, ஒரே கொட்டகை, ஒரே கஞ்சி, ஒரே கனவு! கட்டளைக்கு ஒரே மொழி, ஆங்கிலம். அந்த ஆங்கிலம் எத்தனை பேருக்கு ஒழுங்காகத் தெரியும்? சிரிக்காதீர்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் தெரியாது! மூன்று நாட்டுக்கும் தெரிந்த மொழி ஒன்று இருந்ததே, அது எது? ஏன் எல்லோரும் குனிந்துகொள்கிறீர்கள்? நானே சொல்கிறேன். ரஷ்யன். நம்மை ஆண்டவர்கள் பள்ளிக்கூடம் தொட்டு நம் வாயில் திணித்துவிட்டுப் போன மொழி. பட்டாளத்தில் அதைப் பேசக்கூடாது என்றார்கள். முதலில் கைதட்டியவளே நான்தான். அவர்கள் சைபீரிய ரயிலில் ஏற்றிக்கொண்டு போன என் அப்பா திரும்பி வரவே இல்லை.

விடுமுறைக்கு அன்சிஸ், நான் அன்சீத் என்று கொஞ்சும் என் மகன், இரண்டு நண்பர்களைக் கூட்டி வந்தான். எஸ்தோனியப் பையன் ரெய்ன், லித்துவேனியப் பையன் கெஸ்தாஸ். தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தைத்தான் மூவரும் பேசினார்கள். அவர்கள் சொன்னதை அன்சிஸ் எனக்கு நம் பேச்சில் சொல்வான்.

"உன் இங்கிலீஷைக் கேட்டா எதிரி சிரிச்சே செத்துடுவான்டா" என்றான் கெஸ்தாஸ்.

"ரெய்ன் பேசுறதுக்குள்ள எதிரிக்கு வயசாயிடும்" என்றான் என் மகன்.

ரெய்ன் கால்மணி நேரம் யோசித்துவிட்டு, "அம்மா, ரொட்டி நல்லாருக்கு" என்றான். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு எல்லைக்கோடு ஏது?

அதன்பின் அந்த ஜூன் மாதம் வந்தது. கூட்டுப் பயிற்சி. சதுப்பு நிலமெங்கும் பஞ்சுப்புல் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருக்க, காலைப் பனி பாலாடைபோல் படர்ந்திருக்க, கெஸ்தாஸ் ஓட்டிய கவச வண்டி பலகைப் பாதையிலிருந்து சறுக்கியது. உள்ளே பதினொரு பேர். மேல்மூடியைத் திறந்து நின்று கட்டளையிட்டவன் என் மகன். புத்தகத்தில் உள்ளபடி ஆங்கிலத்தில்தான் கத்தினான். பயத்தில் அவர்கள் படித்தது எல்லாம் பறந்துபோயிருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டி அமிழ்ந்தது. அப்போது அன்சிஸ் ரஷ்யனில் போட்டான் ஒரு சத்தம்: "துப்பாக்கிய விடுங்கடா! இடது பக்கமா குதிங்க!" பதினொரு பேரும் குதித்தார்கள். பன்னிரண்டாவதாய் அவன் குதிக்குமுன் வண்டி கவிழ்ந்துவிட்டது.

விசாரணை அறிக்கையில் என்ன எழுதினார்கள்? 'தடைசெய்த மொழியில் கட்டளையிட்டார்.' அதனால்தான் இதோ துணி மூடி நிற்கும் இந்த நினைவுக்கல்லில், கூட்டுப் படையில் இறந்த மூன்று பேரின் பெயர் இருக்கிறது, என் மகன் பெயர் இல்லை. மொழி சுட்டதா, சொல்லுங்கள்? இல்லை, மொழி பிள்ளைகளைச் சுமந்து வந்து கரையில் போட்டதா? அந்தப் பதினொரு பேரின் தாய்மார்களே, நீங்கள் சொல்லுங்கள்!

அதோ ரெய்ன் எழுந்துவிட்டான். கெஸ்தாஸும் எழுந்துவிட்டான். உட்காருங்கள் பிள்ளைகளே, நான் முடிக்கவில்லை. கர்னல் ஐயா, அந்தப் பெயரைச் செதுக்கும் வரைக்கும் அந்தத் துணியை எடுக்காதீர்கள். என்ன சொல்கிறீர்கள்? கொஞ்சம் சத்தமாக…

"செதுக்கிடுறோம்மா. அதுவரைக்கும் துணி இருக்கட்டும்."

கேட்டீர்களா? கைதட்டாதீர்கள், போதும். ஒன்றை மட்டும் சொல்லாமல் இறங்க மனம் வரவில்லை. அவன் ஏழு வயதில் தெருவில் கேட்ட ரஷ்யன் பாட்டொன்றை அடுப்படியில் முணுமுணுத்தான். ஓங்கி அறைந்தேன். "இந்த வீட்ல அந்தப் பேச்சு உன் வாயில வரக்கூடாது" என்றேன். அப்புறம் வீட்டில் ஒரு நாளும் வரவில்லை. இப்போது தினமும் கனவு வருகிறது. வெள்ளைப் புல்லின் மேல் நிற்கிறான், வாயைத் திறக்கிறான், சத்தம் வரவில்லை.

வந்தவர்களுக்கும் வாய் திறக்காமல் கேட்டவர்களுக்கும் நன்றி. மூன்று நாடும் நன்றாயிருக்கட்டும், உங்கள் பிள்ளைகள் பத்திரமாய் வீடு வந்து சேரட்டும்.

அன்சீத், வண்டி அமிழ்ந்தபோது, அந்தச் சத்தத்தைப் போடுமுன், நான் அறைந்த அறை உன்னை ஒரு நொடி தயங்க வைத்ததா?