கம்பியைப் பிடிக்காத பூக்காரம்மா

"ரேஸ் ஓட்றவன இந்த பஸ்ஸ ஒரு ட்ரிப் ஓட்டச் சொல்லு, பாக்கலாம்."

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பேருந்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் தன் நண்பரிடம் சொன்னார்.

"ஏன் மாமே?"

"அவன் ஹெல்மெட்டு, பெல்ட்டு எல்லாம் போட்டுகினு ஓட்றான். அப்பவும் வளைவுல கழுத்து ஆடுது. இங்க அந்தப் பூக்காரம்மாவப் பாரு. கம்பியப் புடிக்காம நின்னுகினே பூ கட்டுது. எத்தினி பள்ளம் வந்துச்சு, ஒரு மொட்டு கீழ வுழல. டிரைவர்னா இவருதான்."

அந்த அம்மா நாரைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அதெல்லாம் சரி. நாம எறங்க வேண்டிய பாரிவாக்கம் தாண்டிடுச்சு. மெக்கானிக் உன் கார ரெடி பண்ணி வச்சிகினு காத்துகினு கீறாரு."

"கார் எங்கயும் போவாது. பூந்தமல்லி வளைவ இவரு எப்டி எடுக்குறாருன்னு பாத்துட்டுத் திரும்பி வர்லாம்."