கல்லறைத் துளையை மூடாத காவலர் கபிசியாசுக்குப் பிரிவு வாழ்த்துமடல்

மண்மேட்டுக்குள் துயிலும் மாவீரர் மெலந்தாசின் மதிப்புமிகு காவலரே! கறுப்புக் கடாவின் கழுத்தை, வானத்துத் தேவர்களுக்குப்போல் மேலே நிமிர்த்தாமல், மாண்டவர்க்குரிய முறைப்படி மண்நோக்கி மடக்கிய மாண்பாளரே! கோபாயிஸ் ஏரி விலாங்கு எந்த வீட்டில் வறுபட்டாலும், அந்த வீட்டாரை அக்கணமே நலம் விசாரிக்க வந்துவிடும் நற்பண்பாளரே! வணக்கம்.

கல்லறைத் துளை வழியே கடாவின் குருதியை வார்த்து மாவீரரின் பசியாற்றியது தங்கள் கை. அவர் சினத்தைச் சொல்லிச் சொல்லி ஊரையே நடுங்க வைத்தது தங்கள் வாய். மேட்டைக் கடக்கையில் இருமியவனைக்கூடத் தாங்கள் விட்டதில்லை. அத்தகைய தாங்களா அன்று அப்படிச் செய்தீர்கள் என்று ஊர் இன்னும் வாய் ஓயவில்லை, நாங்களும்தான்.

துடுப்பு வலிக்கப் போன கணவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, புதைக்க ஓர் எலும்புகூட இல்லாமல், தேன்குடத்தோடு வந்து நின்றாள் மிர்த்தோ. மாவீரரின் துளையில் மற்றவர்க்கு வார்ப்பதோ மாபெரும் குற்றம்.

"அவரு கோவக்காரரும்மா," என்றீர்கள்.

"கோவம் வந்தா எங்கிட்ட வரச் சொல்லுங்கய்யா. தாகத்தோட அலையுற எம்புருசனுக்கு நான் வேற எங்க போயி ஊத்துவேன்?"

தாங்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தீர்கள்.

"ஊத்து தாயி. அவரும் தனியாச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துப் போயிருப்பாரு," என்று மூடுகல்லை நகர்த்தினீர்கள்.

ஊர்மன்றம் அழைத்துக் கேட்டது. மாவீரரே கனவில் வந்து பந்திக்கு ஆள் கேட்டதாகக் கூசாமல் சொன்னீர்கள். அன்றிரவு தாங்கள் கண்ணே மூடாமல் அச்சத்தில் புரண்டதை இல்லத்தரசியார் ஊற்றடியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். இதுவரை அறியாவிடில் இப்போது அறிக. மாவீரரின் சினத்தால் பார்லிப் பயிர் பட்டுப்போனால் பதவி பறிபோகும் என்றது மன்றம். அறுவடை வரை வயலையும் வானத்தையும் பார்த்தே இளைத்தீர்கள். விளைச்சல் வழக்கம்போலவே வந்தது. அதன்பின் உடல் கிடைக்காத எத்தனையோ பேருக்கு, தாய்மாரும் மனைவியரும் அத்துளையில் பாலும் தேனும் வார்த்தனர். மாவீரர் முணுமுணுத்ததாகத் தகவல் இல்லை.

தங்கள் இடத்துக்கு வரும் புதியவர் முறை தவறாதவர். கடா வெட்டும் நாள் தவிர வேறு நாளில் திறக்க முடியாதபடி மூடுகல்லைச் சுற்றி ஈயம் காய்ச்சி ஊற்றப்போவதாகப் பேச்சு. பிரிவுப் பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டோம். "அந்தக் கல்லு இறுகாமப் பாத்துக்கங்கப்பா, போதும்," என்றீர்கள்.

அருமை ஐயா! கடா அறுப்பவரும் குழலூதுபவரும் நீர் சுமப்பவரும் வாயில் காப்பவருமாகிய நாங்கள், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மன்றத்தாரின் காதுபடவே சொல்கிறோம்: அந்தக் கல் இறுகும் நாளில் கத்தி எழாது, குழல் ஒலிக்காது, நீர் வராது, கதவு திறவாது. மாவீரர் பட்டினி கிடப்பார். அவர் கோபத்துக்கு மன்றமே மறுமொழி சொல்லிக்கொள்ளட்டும்.

நோயின்றி, நொடியின்றி நெடுங்காலம் வாழ்க! தங்களுக்குத் தேன் வார்க்க எங்களுக்கு எந்த அவசரமும் இல்லை.

இங்ஙனம்,
மெலந்தாஸ் கல்லறைப் பணியாளர்கள்