கண்டக்டரம்மாவின் மஞ்சள் அட்டை

"கையை விடும்மான்னா விட மாட்டேங்கிறாங்க... நான் என்ன, கூட்டத்துல காணாமப் போற குழந்தையா?"

தையல்காரம்மாவைப் பார்க்க வந்த மகள் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை, அதற்குள் பக்கத்துக் கட்டிலிலிருந்து கண்டக்டரம்மா ஆரம்பித்துவிட்டார். அம்மா எங்கே என்று கேட்க அவள் வாயெடுத்தாள். கண்டக்டரம்மா குளியலறைக் கதவை விரலால் காட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். உள்ளே குழாய் ஓடும் சத்தம் கேட்டது. மகள் பையை மடியில் வைத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் தலையாட்டினாள்.

ஆயுசில் பாதியை ஓடுகிற பஸ்ஸில் கழித்தவர் கண்டக்டரம்மா. திருப்பத்தில் வண்டி ஒருக்களித்தாலும் கம்பியைத் தொடாமல் நின்று டிக்கெட் கிழித்த கால்கள் அவருடையவை. அந்தக் கால்களைத்தான் இந்த முதியோர் இல்லத்தில் நம்ப மாட்டேன் என்கிறார்களாம். கட்டிலை விட்டு இறங்கினால் இந்தப் பக்கம் ஒரு ஆயா, அந்தப் பக்கம் ஒரு ஆயா. கழிவறைக்குப் போனால் கதவைச் சாத்த விடுவதில்லை. தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் சக்கர நாற்காலி, அதிலும் இடுப்பில் பெல்ட்.

சாப்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்ததும் குரல் ஒரு படி ஏறியது. வாயில் இருப்பதெல்லாம் சொந்தப் பல். அப்படியிருக்க, எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதை வைத்துச் சுவரொட்டி ஒட்டலாம். குடிக்கிற தண்ணீரைக்கூட விட்டுவைக்கவில்லை. புரையேறாமல் இருக்கவாம், ஏதோ பொடியைக் கலந்து கெட்டியாக்கி, கரண்டியில் எடுத்து, ஆ காட்டச் சொல்கிறார்கள். இல்லத்தின் பொறுப்பாளரான மேட்ரனிடம் போய்ச் சண்டை போட்டாராம். அந்த அம்மா "எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்" என்று தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம்.

"வாரத்துக்கு ஒரு ஆயா மாறுறா. வர்றவ ஆளைப் பாக்கிறாளா? கட்டில் தலைமாட்டுல இருக்கிற அட்டையைப் பாக்கிறா, அதோட சரி."

மகள் மெதுவாகக் கதவின் பக்கம் திரும்பினாள். கண்டக்டரம்மா விடவில்லை. அவர் கதையாவது பரவாயில்லையாம், தையல்காரம்மாவின் கதை அதைவிட மோசம். நடந்தால் தையல் மிஷின் மாதிரி முழங்கால் இரண்டும் நடுங்குகிற மனுஷி, அவரைத் திரும்பிப் பார்க்க ஒரு நாதியில்லை. சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் போகிறார்கள். அவர் இருமுகிற இருமலில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. நேற்றுத் திரைச்சீலையைப் பிடித்ததால் தப்பித்தார், இல்லாவிட்டால் கீழேதான். பெற்ற மகள் இதைத் தட்டிக்கேட்க வேண்டாமா என்று கண்டக்டரம்மா அவளையே ஒரு பிடி பிடித்தார்.

போன முறை வந்தபோது அம்மாவை நன்றாகத்தானே பார்த்துக்கொண்டார்கள் என்று மகள் முணுமுணுத்தாள்.

ஆமாம், அப்போது தாங்கு தாங்கென்று தாங்கினார்கள்தான். கண்டக்டரம்மாவும் முதலில் சிபாரிசாக இருக்கும் என்றுதான் நினைத்தாராம். அப்புறம்தான் சூட்சுமம் பிடிபட்டது. தையல்காரம்மா தலைமாட்டில் மஞ்சள் அட்டை, தம் தலைமாட்டில் பச்சை. மஞ்சள் என்றால் ராஜமரியாதை. பச்சை என்றால் ஏன் என்று கேட்க ஆளில்லை.

"ஒரே ரூம்ல ரெண்டு நியாயமா? ஜன்னல் சீட்டை ஒருத்தருக்கே எழுதி வச்சிருக்கா என்ன? கொஞ்ச நாள் மாறி உக்காரலாமேன்னு... உங்கம்மா தூங்கும்போது மாத்திச் சொருகிட்டேன். அதுக்கப்புறம் பாரு, அரைச்ச சோறு, பெல்ட்டு, காவலு..."

மகளின் முகம் வெளுத்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இப்போது அம்மாவுடன் உள்ளே யார் இருக்கிறார்கள்?

"பச்சை அட்டைக்கு யாரு வருவா? தனியாத்தான்..."

சொல்லி முடிக்காமல் கண்டக்டரம்மாவே குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். மகளின் மடியிலிருந்து பை கீழே விழுந்தது. அறை சட்டென்று அமைதியானது. அப்போதுதான் குழாய்ச் சத்தத்துக்கு அடியிலிருந்து மெலிந்த ஒரு குரல் கேட்டது.

மகள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். தையல்காரம்மா கைகழுவும் தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, முழங்கால் மடங்கி, பாதி நின்றும் பாதி தொங்கியும் இருந்தார். மகள் அவரை அணைத்துப் பிடித்துக் கட்டிலில் கொண்டுவந்து உட்காரவைத்தாள். மூச்சு அடங்கியதும் அவர் கண்டக்டரம்மாவைத்தான் பார்த்தார்.

"எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன்... உங்க வாய் எங்கயாவது நிக்கும், அங்க குரல் குடுக்கலாம்னு பாத்தா, ஸ்டாப்பிங்கே வர மாட்டேங்குதே."

கண்டக்டரம்மா எழுந்து போய் இரண்டு அட்டைகளையும் உருவி, பழையபடி மாற்றிச் சொருகினார்.

சாப்பாட்டுத் தட்டுகளோடு ஆயா வந்தாள். தலைமாடுகளை ஒரு பார்வை பார்த்தாள். அரைத்தது தையல்காரம்மாவுக்கு, முழுச் சோறு கண்டக்டரம்மாவுக்கு. எத்தனையோ நாள் ஆசைப்பட்ட தட்டு. கண்டக்டரம்மா அதைத் தொடவில்லை.

"ஏம்மா, நேத்து என்னைத்தானே ஆ காட்டச் சொன்னே?"

ஆயா உற்றுப் பார்த்தாள். அவரை அல்ல, அட்டையை.

"நீங்க பச்சைம்மா. உங்களுக்கு எதுக்கு?"

பார்த்தாயா, நான் சொன்னேன் அல்லவா என்று மகளிடம் சொல்லக் கண்டக்டரம்மா திரும்பினார். கீழே பை கிடந்தது, ஆளைக் காணோம். மேட்ரன் அறையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. அது யாருடைய குரல் என்று கண்டக்டரம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவரை அந்தப் பெண்ணைப் பேசவிட்டிருந்தால்தானே?